பூஜ்யத்திலும் ஐந்திலும் முடிகிற வயதுகள்

பியாட்ரிஸ் அக்காவின் பெயருக்கு நேராகக் கம்ப்யூட்டர் நாற்பத்தொன்று என்று காட்டியபோது நான் பன் தின்றுகொண்டிருந்தேன். தின்று முடித்தேன். பதறிய மனுஷன் பன்னைக் கீழே வைத்திருப்பான் என்பதற்காக இதைச் சொல்கிறேன். நான் வைக்கவில்லை. உள்ளே சிவப்பாக இருந்த டூட்டி ஃப்ரூட்டியைக்கூடத் தேடிப் பொறுக்கித் தின்றேன். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். நாற்பத்தொன்றுதான்.

பதினாறு புள்ளி ஒன்பது இரண்டைத் தாண்டினால் வேலை போய்விடும். அந்த விதியைப் போட்டது நான்.

என் பெயர் சேஷகிரி. எம்.எஸ்ஸி. புள்ளியியல். 1997-ல் பெங்களூர் சிவாஜிநகரில், துணிக்கடைகளுக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்த ஒரு மார்க்கெட் ரிசர்ச் கம்பெனியில் வேலை பார்த்தேன். ஜனங்கள் என்ன டீத்தூள் வாங்குகிறார்கள், ஏன் வாங்குகிறார்கள், பாக்கெட்டின் நிறத்தை மாற்றினால் கோபித்துக்கொள்வார்களா என்று வீடு வீடாகக் கேட்டுச் சொல்லும் கம்பெனி. வீடு வீடாகப் போவது நான் இல்லை. அதற்கு இருபது பேர் இருந்தார்கள், முக்கால்வாசி பெண்கள். ஒரு தெருமுனையில் ஆரம்பித்து, வலது கைப்பக்கமாகவே நடந்து, ஐந்து வீடு விட்டு ஆறாவது வீட்டில் கதவைத் தட்ட வேண்டும். நாய் இருந்தாலும் தட்ட வேண்டும். பூட்டியிருந்தால் மூன்று தடவை திரும்பி வர வேண்டும். பிடித்த வீடாகப் பார்த்து நுழையக் கூடாது. நம் ஆட்கள் தமிழ்க் கோலம் போட்ட வாசலாகப் பார்த்து நுழைந்தால், பெங்களூரில் கன்னடக்காரர்களே இல்லை என்று ரிப்போர்ட் வரும். ஒரு தடவை வந்திருக்கிறது.

அவர்கள் வெயிலில் நடந்து கொண்டுவந்த காகிதங்களை வைத்து, அவர்கள் நிஜமாகவே நடந்தார்களா என்று ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து கண்டுபிடிப்பது என் வேலை. அதற்குத்தான் அப்பா படிக்க வைத்தார்.

கண்டுபிடிக்கும் வழி ரகு புண்ணியத்தில் கிடைத்தது. ரகு என்று ஒருவன் வீடு வீடாகப் போகாமல் கப்பன் பார்க் மரத்தடியில் உட்கார்ந்தே அறுபது ஃபாரம் பூர்த்தி செய்து கொண்டுவந்தான். அதில் எனக்கு உறுத்தியது வயசு. நம் ஊரில் யாரையாவது வயசு கேளுங்கள். முப்பது என்பார்கள், முப்பத்தஞ்சு என்பார்கள், "நாப்பது இருக்கும் போட்டுக்கோங்க" என்பார்கள். நூறு பேரில் நாற்பத்தைந்து பேர் பூஜ்யத்திலோ ஐந்திலோ முடிப்பார்கள். முப்பத்தேழு என்று சொல்கிறவர்கள் அபூர்வம். ஆனால் ரகுவின் ஃபாரத்தில் எல்லாப் பெண்களும் முப்பத்தேழு, நாற்பத்தொன்று, இருபத்தொன்பது. நான் கூப்பிட்டுக் கேட்டதும் ஒப்புக்கொண்டான். "முப்பது, நாப்பதுன்னு போட்டா டுபாக்கூர்னு தெரிஞ்சிடும்னுதான் சார், யோசிச்சு யோசிச்சு வேற வேற போட்டேன். தலைவலியே வந்துடுச்சு" என்றான். பாவமாக இருந்தது. நடந்திருந்தால் அவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டான்.

அதிலிருந்து நான் ஒரு சோதனை செய்தேன். ஒவ்வொருவரும் மாதம் முழுக்கக் கொண்டுவந்த வயதுகளின் கடைசி இலக்கத்தை எடுத்து, மற்றவர்கள் கொண்டுவந்ததோடு ஒப்பிட்டு, கை-ஸ்கொயர் என்ற எண்ணைக் கணக்கிடுவது. பாடப் புத்தகத்தில் இன்மைக் கருதுகோள் என்று ஒன்று வரும். தமிழில் படித்தால் ஏதோ சாபம் மாதிரி இருக்கும். விஷயம் சாதாரணம்: எதிராக ஆதாரம் வரும்வரை இந்த ஆள் யோக்கியர் என்று வைத்துக்கொள்வது. எண் சின்னதாக இருந்தால் யோக்கியர் என்றே விட்டுவிடலாம். பதினாறு புள்ளி ஒன்பது இரண்டைத் தாண்டினால் விட முடியாது.

அந்த எல்லைக்கு ஒரு விலை உண்டு. நிஜமான யோக்கியர்களிலேயே இருபதில் ஒருவர் வெறும் தற்செயலாக அதைத் தாண்டிவிடுவார். ஐந்து சதவீதம். உலகம் பூராவும் ஒத்துக்கொண்ட ஐந்து சதவீதம்தான், நான் கண்டுபிடித்தது இல்லை. ஆனால் எங்களிடம் இருந்தது சரியாக இருபது பேர்.

இதை ஓஸ்வால்ட் சாரிடம் நான் சொல்லத்தான் செய்தேன். அவர் காக்ஸ் டவுன்காரர், களப்பணி மேனேஜர். அவரே இருபது வருஷம் வீடு வீடாக நடந்தவர். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நின்றதால் மாடிக்கு வந்தவர்.

"என்ன மேன் சொல்றே? எல்லாருமே நல்லவனா இருந்தாலும் மாசம் ஒருத்தன் மாட்டுவானா?"

"சராசரியா ஒருத்தர் சார். சில மாசம் ரெண்டு. சில மாசம் யாரும் இல்ல."

"அப்போ நல்லதுதானே சேஷ்? மாசம் ஒருத்தன் போனான்னா மிச்சம் பத்தொம்போது பேரும் ஒழுங்கா நடப்பான்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் ஜோக் அடிக்கவில்லை என்று எனக்குப் புரிந்தபோது அந்த ஏற்பாடு வழக்கமாகிவிட்டிருந்தது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை எல்லோரையும் கூப்பிடுவார். வாட்டர் ஃபில்டருக்குப் பக்கத்தில் பட்டியல் ஒட்டுவார். பெயர் இருந்தால் பையையும் கிளிப் அட்டையையும் அடையாள அட்டையையும் மேஜைமேல் வைத்துவிட்டுப் போக வேண்டும். பிறகு அவர் ஊரில் இருந்த மற்ற மூன்று கம்பெனி மேனேஜர்களுக்கும் போன் போட்டு அந்தப் பெயரைச் சொல்லிவிடுவார். அதோடு அந்த ஆளுக்குப் பெங்களூரில் இந்தத் தொழில் கிடையாது; அந்த இடத்துக்குப் புது ஆள் வரும்.

ஏழு மாதத்தில் ரகுவுக்குப் பிறகு ஆறு பேர். அவர்கள் முகங்களை நினைத்துப் பார்க்க நான் முயன்றிருக்கிறேன். பதினெட்டு புள்ளி இரண்டு ஞாபகம் வருகிறது, பதினேழு புள்ளி ஒன்று ஞாபகம் வருகிறது. பதினேழு புள்ளி ஒன்று கண்ணாடி போட்டிருந்தாளா இல்லையா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எங்காவது வலிக்கும் என்று காத்திருந்தேன். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்பதுபோல் இருந்தது. விரலுக்குத்தான் கன்னம் தெரிந்தது.

பியாட்ரிஸ் அக்காவுக்கு நாற்பத்தாறு வயசு. ஃபாரத்தில் போட்டால் நாற்பத்தைந்து என்றிருக்கும். சிவாஜிநகர் சர்ச்சுக்குப் பின்பக்கத் தெருவில் வீடு. பதினோரு வருஷமாக நடக்கிறவர். குண்டான உடம்பு, ரப்பர் செருப்பு, குடைக்கு உள்ளேயும் ஒரு கர்ச்சீஃப். சாயங்காலம் ஃபாரங்களைக் கொண்டுவந்து என் மேஜையில் தொம்மென்று போடுவார்.

"என்ன சார், உங்க பொட்டி இன்னிக்கு யாரைக் கேக்குது? கோழியா, ஆடா?"

"அதுக்கு இன்னிக்கு விரதங்க்கா."

"திங்கக்கிழமை வந்தா தெரியும் அதோட விரதம்."

அலுவலகத்தில் கம்ப்யூட்டரைக் கேலி செய்த ஒரே ஆள் அவர். மற்றவர்கள் அதைக் கடந்து போகும்போது புடவையை இழுத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அவருடைய எண் நாற்பத்தொன்று. பதினேழு, பதினெட்டு என்றால் தற்செயல் என்று நான் எனக்குள்ளாவது சொல்லிக்கொள்ளலாம். நாற்பத்தொன்று தற்செயலாக வருவதற்கு லட்சத்தில் ஒரு வாய்ப்புகூட இல்லை. நூற்றுப் பன்னிரண்டு பெண்களின் வயசு, பூஜ்யத்திலிருந்து ஒன்பதுவரை எல்லா இலக்கங்களிலும் சமமாகப் பரவிக் கிடந்தது. அச்சு அசல் ரகு.

அன்று வியாழன். திங்கட்கிழமை பட்டியல். சந்தேகம் இருந்தால் நேரில் போய்ச் சரிபார்க்கலாம் என்று விதி இருந்தது. விதியை எழுதியவன் என்ற முறையில் அதுவரை நான் அதைப் பயன்படுத்தியதில்லை. பஸ்ஸில் அவ்வளவு கூட்டம்.

வெள்ளிக்கிழமை மார்க்கெட்டில் பஸ் பிடித்தேன். எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டி, ஓசூருக்கு இந்தப்பக்கம் அத்திபெலேயில் இறங்கினேன். அந்த மாதம் அக்காவுக்குக் கொடுத்த ஊர் அது. கையில் அவர் கொண்டுவந்த ஃபாரங்களில் எட்டு. தெருமுனையில் நின்று, வலது கைப்பக்கமாக நடந்தேன். ஆறாவது வீடு. இருந்தது. பச்சைக் கதவு என்று ஃபாரத்தில் எழுதியிருந்தது. கதவு பச்சைதான். பூட்டியிருந்தது. எதிர்வீட்டு நாய் மட்டும் என்னை விசாரித்தது.

அடுத்த ஆறாவது வீட்டில் ஒரு பெண் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். ஃபாரத்தில் பெயர் மங்களம், வயது 37, டீத்தூள் மாதம் அரைக் கிலோ.

"உங்க பேரு மங்களங்களா? போன வாரம் டீத்தூளைப் பத்திக் கேக்க யாராவது வந்தாங்களா?"

"வந்தாங்களே. ஒரு குண்டு அக்கா."

போனது உண்மை. இதுவே போதும் என்று நான் திரும்பியிருக்கலாம். ஆனால் ஃபாரத்தில் உள்ள ஒவ்வொரு பதிலையும் மறுபடி கேட்க வேண்டும் என்பது விதி.

"உங்க வயசு என்னங்க?"

"முப்பத்தஞ்சு" என்றாள்.

ஃபாரத்தைப் பார்த்தேன். 37.

"நிச்சயமாங்க?"

மெஷினை நிறுத்தினாள். "ஏங்க, நீங்களும் ஆரம்பிச்சிட்டீங்களா? அந்த அக்காகிட்டயும் முப்பத்தஞ்சுன்னுதான் சொன்னேன். இரு இருன்னுட்டு, கல்யாணம் எப்பன்னாங்க. எம்பத்துமூணு தைன்னேன். அப்ப என்ன வயசுன்னாங்க. இருவத்திமூணு, அது எனக்கு நல்லாத் தெரியும், லேட்டுன்னு ஊரே பேசுச்சு. மொதப் புள்ள எப்பன்னாங்க. இந்திரா காந்தி செத்தன்னிக்குப் பஸ் இல்ல, வயித்துப் புள்ளையோட ஓசூர்லேர்ந்து நடந்தே வந்தேன், அது எப்படிங்க மறக்கும்? அந்தம்மா விரலை மடக்கி மடக்கி எண்ணுச்சு. அப்பறம் சொல்லுது, மங்களம், உனக்கு முப்பத்தேழு முடியப் போவுதுன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்த சொல்ல? ரெண்டு வருசத்த எடுத்துட்டுப் போயிட்டீங்களேக்கான்னு சண்டை போட்டேன். அப்பறம் டீ போட்டுக் குடுத்தேன்." ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க முப்பத்தஞ்சுன்னே எழுதிக்கோங்க சார். எங்க வீட்டுக்காரருக்கு அப்படித்தான் தெரியும்."

ஃபாரத்தைத் திருப்பினேன். பின்பக்க மூலையில் பென்சிலில் குட்டியாக 83, அதற்குக் கீழே 23, ஒரு கோடு, 60. இந்தக் காகிதங்கள் ஏழு மாதமாக என் மேஜைமேல்தான் வந்து விழுந்தன. டைப் அடிக்கிறவர்கள் முன்பக்கத்தை மட்டும் அடித்தார்கள். நான் டைப் அடித்ததை மட்டும் பார்த்தேன்.

மூன்றாவது வீட்டில் கன்னடக்காரப் பெண். வயசு கேட்டதும் "நல்வத்து" என்றாள். நாற்பது. ஃபாரத்தில் 42. அவள் புருஷன் உள்ளேயிருந்து சிரித்தான். "அந்த அம்மா பள்ளிக்கூட சர்டிஃபிகேட்டைத் தேடி எடுக்க வச்சாங்க சார். பெட்டிக்கு அடியில கெடந்தது. அதோட எங்க நிலப்பத்திரமும் கெடச்சது. ரெண்டு வருஷமா தேடிட்டிருந்தோம்."

எட்டில் ஏழு வீடு திறந்திருந்தது. ஏழிலும் அக்கா போயிருந்தார். ஏழிலும் தண்ணீரோ டீயோ குடித்திருந்தார். ஐந்து வீட்டில் சொன்ன வயசு ஒன்று, எழுதிய வயசு ஒன்று.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நல்ல காற்று. ஒரு பொறியைச் செய்து வைத்தேன், அதில் பொய் சொல்கிறவர்கள் சிக்குவார்கள் என்று நினைத்தேன். இருபது பேரில் உண்மையை அக்கறையாகத் தோண்டி எடுத்த ஒரே ஆள் அதில் சிக்கியிருக்கிறார். பொய் சொல்கிறவனும் ரவுண்டாகச் சொல்ல மாட்டான், உண்மையும் ரவுண்டாக இருக்காது. இது தெரிய எம்.எஸ்ஸி. தேவையில்லை. எனக்கு மட்டும் அதனால்தான் தெரியவில்லைபோல. சந்தோஷம் வருமா, வெட்கம் வருமா என்று பொம்மசந்திராவரை பார்த்தேன். இரண்டும் வரவில்லை. தூங்கிவிட்டேன்.

சனிக்கிழமை காலை அக்கா வந்ததும் கேட்டேன். "வயசை ஏன்க்கா இவ்வளவு தோண்டறீங்க? சொல்றதை எழுதிட்டு வர வேண்டியதுதானே?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். பையிலிருந்து நோட்டை எடுத்தார். ஜனவரி டிரெய்னிங் என்று தலைப்பு. அதன் கீழே உருண்டை எழுத்தில்: முப்பது, நாற்பது என்றால் அது வயது இல்லை, தோராயம். விடாதே. கல்யாணம், குழந்தை, பள்ளிக்கூடம் வைத்துக் கேள். சேஷகிரி சார்.

"நீங்கதானே சார் சொன்னீங்க?"

சொல்லியிருப்பேன். ஜனவரியில் இரண்டு மணி நேரம் பேசச் சொன்னார்கள், என்னிடம் ஒன்றரை மணி நேரத்துக்குத்தான் விஷயம் இருந்தது. மிச்ச அரை மணி நேரத்தில் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். மற்ற பத்தொன்பது பேரும் புத்திசாலிகள், கேட்டுக்கொள்ளவில்லை. அதற்கு அடுத்த மாதம் ரகு கிடைத்தான், நான் என் பேச்சையே மறந்துவிட்டுச் சோதனை செய்தேன்.

"ஆனா ஜனவரியிலிருந்தா? இத்தனை மாசமா உங்க எண் ஒண்ணும் தாண்டலையேக்கா."

"இந்த மாசத்துக்கு முன்னாடி எனக்குக் குடுத்ததெல்லாம் ஜெயநகர், மல்லேஸ்வரம். படிச்சவங்க. பாதிப் பேர் கதவைத் தொறந்த கையோட மூடிடறாங்க, அங்க எங்க தோண்டறது? அத்திபெலேல உக்காரச் சொல்றாங்க, சார்." அப்போதுதான் என் முகத்தைக் கவனித்தார். குரல் இறங்கியது. "பொட்டி என்னைக் கேக்குதா?"

நான் ஃபாரங்களை நேராக அடுக்க ஆரம்பித்தேன். அதுவே பதில்.

அவர் நோட்டை மெதுவாகப் பைக்குள் வைத்தார். "திங்கக்கிழமையா?"

"நான் ஓஸ்வால்ட் சார்கிட்ட பேசறேன்."

"மத்த கம்பெனிக்கெல்லாம் போன் போட்டுடுவாரே சார்." கெஞ்சுகிற குரல் இல்லை. ரேஷன் கடையில் சர்க்கரை தீர்ந்துவிட்டதா என்று கேட்கிற குரல். "எனக்கு இது ஒண்ணுதான் தெரியும். கதவைத் தட்டறது."

ஓஸ்வால்ட் சார் காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். நல்லவர். இடையில் பேச மாட்டார்.

"ஏழு வீட்டுக்கும் போயிருக்கா. சரி. அஞ்சு வீட்டுல வயசு பொருந்தல. சரியா?"

"பொருந்தலைன்னா, சார், அவங்க எழுதினதுதான் சரியான..."

"சேஷ், ரெண்டு டெஸ்ட் வச்சோம். கம்ப்யூட்டர்ல ஃபெயில். நேர்ல போய்ச் சரிபார்த்ததுலயும் ஃபெயில். இதுக்கப்பறம் அவளை வச்சிக்கிட்டேன்னா, போன ஆறு பேரும் படியேறி வந்து எனக்கும் ஒரு கதை இருக்குன்னு நிப்பான். நிப்பானா இல்லையா?"

நிற்பார்கள். அந்த ஆறு பேருக்கும் கதை இருந்திருக்கலாம் என்பதுதான் நான் ஏழு மாதமாக நினைக்காமல் இருந்தது.

"நான்தான் சார் டிரெய்னிங்ல அப்படிக் கேக்கச் சொன்னேன்."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அப்போ யாரை அனுப்பணும் மேன்? அவளையா, உன்னையா?"

இந்த இடத்தில் நான் 'என்னை அனுப்புங்கள்' என்று சொன்னதாக எழுத ஆசைதான். நான் சொன்னது, "டீ சொல்லட்டுமா சார்?"

சனிக்கிழமை அரை நாள். இரண்டு மணிக்கு எல்லோரும் போய்விட்டார்கள். கீழே துணிக்கடைக்காரர்கள் தக்னி உருதுவில் யாரையோ விலை சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கம்ப்யூட்டரைப் போட்டேன். அக்காவின் நூற்றுப் பன்னிரண்டு பெண்களையும் திரையில் வரிசையாக நிறுத்தினேன். 41-ஐ 40 ஆக்கினேன். 36-ஐ 35 ஆக்கினேன். 32-ஐ 30. யாருக்கும் கூட்டவில்லை, குறைக்க மட்டும் செய்தேன். அந்த அளவுக்கு எனக்கும் நாகரிகம் தெரியும். மங்களத்துக்கு அவள் கேட்ட இரண்டு வருஷத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஐந்து பேரை மாற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தேன், இருபத்தொன்பது. பத்துப் பேர், பத்தொன்பது. இருபத்தோரு பேரை மாற்றிய பிறகு ஏழு புள்ளி மூன்று. கருதுகோளை நிராகரிக்க ஆதாரம் இல்லை. பியாட்ரிஸ் யோக்கியர்.

யோக்கியமான கணக்கைப் பொய்யாக்கினால்தான் என் சோதனை அதை யோக்கியம் என்று ஒத்துக்கொள்கிறது. வேறு யாராவது சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். சேவ் செய்துவிட்டு, மேஜைமேல் இருந்த பன் தூளைத் தட்டிவிட்டு, கதவைப் பூட்டினேன்.

திங்கட்கிழமை பட்டியல் காலி. ஓஸ்வால்ட் சார் நாற்பத்தொன்று என்ற எண்ணைப் பார்த்ததில்லை, நான் சொல்லித்தான் தெரியும். "டைப்பிங் தப்பு சார். சரி பண்ணி ஓட்டினேன், பாஸ் ஆயிட்டாங்க" என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நம்பவில்லை என்று தெரிந்தது. ஆனால் காகிதத்தில் ஏழு புள்ளி மூன்று இருந்தது, காகிதத்தை அவர் மீறியதில்லை. கூட்டத்தைப் பார்த்து, "இந்த மாசம் யாரும் இல்ல. குட். எல்லாரும் பயந்திருக்கீங்க" என்றார். இருபது பேரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டதில் வாட்டர் ஃபில்டர் மேலிருந்த காலண்டர் ஆடியது.

படியிறங்கும்போது அக்காவை நிறுத்தினேன். "இனிமே அவங்க என்ன வயசு சொல்றாங்களோ அதையே எழுதிடுங்க. முப்பத்தஞ்சுன்னா முப்பத்தஞ்சு."

"அது பொய்யா இருந்தா?"

"அது அவங்க சொல்றது, அக்கா. நீங்க சொல்றது இல்ல."

"ஆனா எனக்குத் தெரியுமே சார், இது தோராயம்னு."

"தெரிஞ்சுக்காதீங்க."

அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்காக நான் செய்தது அவருக்குத் தெரியாது, ஆனால் ஏதோ செய்திருக்கிறேன் என்று தெரிந்துவிட்டது. நன்றி சொல்வார் என்று பயந்தேன். சொல்லவில்லை. "நோட்டுல எழுதிக்கறேன் சார்" என்றார்.

அடுத்த மாதம் அவர் கொண்டுவந்தது நூற்றுப் பதினெட்டு ஃபாரம். முப்பது, முப்பத்தைந்து, நாற்பது, ஆங்காங்கே ஒரு இருபத்தெட்டு. அவருடைய எண் இரண்டு புள்ளி ஆறு. இருபது பேரிலும் அதுதான் குறைவு. முன்பெல்லாம் ஆறு மணிக்குத் திரும்புகிறவர் இப்போது மூன்றரைக்கே வந்தார். ஃபாரங்களை மேஜையில் சத்தமில்லாமல் வைத்தார். பெட்டி யாரைக் கேட்கிறது என்று கேட்கவில்லை. புடவையை இழுத்துப் பிடித்துக்கொண்டு கம்ப்யூட்டரைக் கடந்து போனார்.

முதல் திங்கட்கிழமை ஓஸ்வால்ட் சார் அவர் பெயரை முதலில் வாசித்தார். "பியாட்ரிஸ். ஃபர்ஸ்ட்." எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அவர் தரையைப் பார்த்துத் தலையாட்டினார். சர்ச்சில் காணிக்கைத் தட்டு வரும்போது ஆட்டுகிற தலையாட்டல்.

சொல்கிறதைக் கேட்டு எழுதுகிறாரா, கேட்காமலே எழுதுகிறாரா, கதவைத் தட்டுகிறாரா என்றே எனக்குத் தெரியாது. இரண்டு புள்ளி ஆறு இது எதையும் சொல்லாது. எதிராக ஆதாரம் இல்லை என்று மட்டும் சொல்லும்.

அத்திபெலேக்குப் பிறகு ஓஸ்வால்ட் சார் ஒரு புது ஏற்பாடு கொண்டுவந்திருந்தார். மாதம் ஒருவரைக் குருட்டாம்போக்கில் எடுத்து, அவர் போன வீடுகளுக்கெல்லாம் நான் நேரில் போய்ப் பார்த்துவர வேண்டும். அதற்கென்று எண்கள் தாறுமாறாக அச்சடித்த பட்டியல் ஒன்று என்னிடம் இருந்தது. கண்ணை மூடி விரலை வைத்தால் வருகிற எண்தான் ஆள். பிடித்தவர், பிடிக்காதவர் என்று பார்க்கக் கூடாது. இதையும் டிரெய்னிங்கில் சொல்லியிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் விரலை வைத்தேன். ஏழு. பெயர்ப் பட்டியலில் ஏழு அக்கா என்று பார்க்காமலே தெரியும்.

கண்ணை மூடி இன்னொரு தடவை வைத்தேன். பதினாலு. யாரென்று பார்த்து, பெயரை எழுதி, ஓஸ்வால்ட் சாரின் ஃபைல் தட்டில் வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனேன்.